ஒரு நாழிகையின் விலை

சேக்கிழாரின் பெரியபுராணத்தைப் பாராயணம் செய்வோர் நம்மவருள் பலர், படிப்போர் சிலர். பாராயணம் செய்வோர் கடந்து சென்றுவிடுவதும், படிப்போர் நின்று நோக்கியே தீரவேண்டியதுமான ஓரிடம் கோச்செங்கட் சோழ நாயனார் புராணத்தில் உள்ளது. திருவானைக்காவில் நாவல் மரத்தடியில் இருந்த சிவலிங்கத்தை யானையொன்று நீராட்டி வழிபட்டதும், சருகு விழாதபடி சிலந்தியொன்று மேலே வலை பின்னியதும், யானை அவ்வலையை அழித்ததும், சினங்கொண்ட சிலந்தி துதிக்கையிற் புகுந்து கடிக்க இரண்டும் மாண்டதும் யாவரும் அறிந்த கதை. நாம் பேசப் புகுந்தது அதன் பின் நிகழ்ந்ததைப் பற்றியே.

சிலந்தி மறுபிறப்பில் சோழ மன்னன் சுபதேவனுக்கும் அவன் தேவி கமலவதிக்கும் மகவாகக் கருவுற்றது. மாதம் நிரம்பியது; பேற்று வேளை நெருங்கியது. அப்பொழுது காலக் கணக்கு அறிந்த முதியோர், இக்குழந்தை இன்னும் ஒரு நாழிகை கழித்துப் பிறக்குமாயின் மூவுலகையும் ஆளும் என்றனர். ஒரு நாழிகையாவது நமது கடிகாரக் கணக்கில் 24 நிமிடம். அதைக் கேட்ட அரசி, தன் கால்களை இறுகக் கட்டித் தூக்கிப் பிடியுங்கள் என்றாள். அவ்வாறே செய்தனர். குறித்த காலம் வந்ததும் கட்டை அவிழ்த்தனர். குழந்தை பிறந்தது. பிறக்கும் வழியில் நேரங்கடந்து அடைபட்டுக் கிடந்தமையால் அதன் கண்கள் சிவந்திருந்தன என்பர். அதை ஒரு முறை பார்த்துச் செங்கண் அரசனே என்று விளித்துவிட்டு அத்தாய் மாண்டாள்.

இலக்கியம் என்ற முறையில் இவ்விடத்தை நோக்குவோம். யானை, சிலந்தி ஆகியவற்றின் தொண்டை விரித்துப் பாடும் புலவர், ஒரு பெண்ணைத் தூக்கிக் கட்டிய செய்தியை விரல்விட்டு எண்ணத்தக்க சில அடிகளில் முடித்துவிடுகிறார். அக்கட்டிலே அவள் பட்ட வலியைக் குறிக்க ஒரு சொல்லும் இல்லை. காலம் குறித்துக் கொடுத்தவர்களுக்கோ 'அறவாணர்' என்ற பட்டம் கிடைக்கிறது. அடுத்த பாட்டைப் பாருங்கள். அரசியின் இறப்பு அங்கே முற்றுவினையாகக்கூட வரவில்லை. எச்சமாக வந்து நிற்கிறது. தேவி இறக்க, சோழன் மகனை வளர்த்தான், முடி சூட்டினான், தவம் செய்தான், சிவலோகம் சேர்ந்தான் என்று எழுவாயும் பயனிலையும் கணவனிடம் போய்ச் சேருகின்றன. யானைக்குக் கதி கிடைத்தது. சிலந்திக்கு அரசு கிடைத்தது. சுபதேவனுக்குச் சிவலோகம் கிடைத்தது. கமலவதிக்குக் கிடைத்தது ஓர் எச்சம். புலவரின் நெஞ்சம் எங்கே இருந்தது என்பதைக் காட்ட இலக்கணத்தைவிட நல்ல சாட்சி வேறொன்றும் வேண்டா.

இவ்வாறு எழுதினால் அன்பர்கள் நம்மீது சினங்கொள்வர். 'அவளே விரும்பிக் கேட்டாள், யாரும் வற்புறுத்தவில்லையே' என்பது அவர்கள் கூறும் முதல் விடை. மெய்தான்; கேட்டவள் அவளே. ஆனால் பேற்று வலியில் கிடக்கும் ஒருத்தியின் செவியில், 'இப்பொழுது பெற்றால் சாதாரண மகன், சற்றுப் பொறுத்தால் மூவுலகாளும் மகன்' என்ற சொல்லைப் போட்டுவிட்டு, பிறகு அவள் செய்ததை அவளுடைய விருப்பம் என்று சொல்வது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? அவ்வறையில் மன்னன் இருந்தானோ இல்லையோ, அவன் குலத்தின் ஆசை அங்கே இருந்தது. 'இது வெறுங்கதைதானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி' என்பது இரண்டாம் விடை. கதையென்றே கொள்வோம். கதை கேட்பவர்கள் அதிலிருந்து எதை நல்லது என்றும் எதை இயல்பு என்றும் கற்றுக்கொள்கிறார்கள் என்பதே திறனாய்வின் கேள்வி. நல்ல தாய் எனப்படுபவள் நேரத்துக்காகத் தன் உடம்பைக் கட்டக் கொடுப்பாள் என்பதை 12ஆம் நூற்றாண்டு முதல் கேட்டு வந்திருக்கிறோம்.

இடையில் ஒரு செய்தி. பேற்றின்போது உண்டாகும் அழுத்தத்தால் குழந்தையின் கண்ணின் வெண்பகுதியில் இரத்தம் கசிந்து சிவப்பது இன்றும் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் காணப்படுவதே. ஓரிரு வாரத்தில் அது தானே மறைந்துவிடும். ஆதலால் செங்கண்ணுக்கு மூவுலகாட்சி காரணமன்று. கண்ணை நோக்கிய கதைசொல்லி நன்றாகவே நோக்கியிருக்கிறான். தாயை நோக்கத்தான் அவனுக்கு நாழிகை போதவில்லை.

மூவுலகாட்சிதான் வந்ததா? செங்கணான் என்னும் சோழனைப் பழந்தமிழ் நூல்கள் வேறு வகையில் அறியும். கழுமலப் போரில் சேரமான் கணைக்கால் இரும்பொறையை வென்று சிறையிட்டவன் அவன். அப்போரைப் பொய்கையார் களவழி நாற்பதிற் பாடினார். திருமங்கையாழ்வார் அவன் எழுபது கோயில் எடுத்தான் என்கிறார். பெரிய மன்னன்தான், ஆயினும் தமிழகத்தின் ஒரு பகுதி ஓர் உலகமாகக்கூடக் கணக்கில் வராது. இதில் வியப்பு என்னவென்றால், அவன் சிறையிற் கிடந்த சேரன் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 74ஆம் பாட்டும் பிள்ளைப்பேற்றைப் பற்றியே தொடங்குகிறது. குழந்தை இறந்து பிறந்தாலும், உருவற்ற தசைப்பிண்டமாகப் பிறந்தாலும், அதையும் ஆள் என்றே எண்ணி வாளாற் கீறுவது தம் குடி வழக்கம் என்று அச்சேரன் பெருமிதத்தோடும் துயரத்தோடும் கூறுகிறான். மறக்குடிக்கு அது மானம். இறந்த பிள்ளையைப் பெற்றுக் கிடந்தவள் அந்த வாளொலியைக் கேட்டு என்ன நினைத்தாள் என்பதை அப்பாட்டும் சொல்லவில்லை.

பேராவில் செம்பனைக்கும் பழைய கித்தாக் காட்டுக்கும் நடுவே வாழும் நமக்குச் சோழன் கதை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். கமலவதியைக் கட்டிய கயிறு நமது வீட்டுச் சுவரில் நாட்காட்டியாகத் தொங்குகிறது என்பதே நமது விடை. நல்ல நேரம், எமகண்டம், குளிகை, ராகு காலம் என்று நாளுக்கு நாள் அச்சிட்ட தாளைக் கிழித்துக் கிழித்தே நம் குடும்பங்கள் காலம் கழிக்கின்றன. கலியாணத்துக்கும் வீடு புகுவதற்கும் நேரம் பார்த்தால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. விருந்து சற்று ஆறிப்போகும், அவ்வளவே. கர்ப்பிணியின் விஷயம் அப்படியன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஈப்போவிலிருந்து இருபது கட்டைக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில் நாம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு இரத்தப்போக்கு உண்டாயிற்று. அன்று செவ்வாய்க்கிழமை, மணி மூன்று. வண்டி வாசலில் நின்றது. மாமியார் மட்டும் வாசற்படியை மறித்துக்கொண்டு, 'நாலரைக்குப் போகலாம் கிராணி ஐயா, ராகு காலம் கழியட்டும்' என்றார். அவர் கொடியவர் அல்லர். மருமகள்மேல் உயிரை வைத்திருந்தவர். அச்சத்தால் அப்படிச் சொன்னார். பேச்சும் அழுகையுமாக முக்கால் மணி கழிந்தபின் வண்டி கிளம்பியது. பெண் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. உடனே சென்றிருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்று மருத்துவர் கூறவில்லை, நாமும் கூறோம். ஆனால் அந்த முக்கால் மணி யாருடையது என்று கேட்கிறோம்.

பேற்றிறப்புகளை ஆராய்ந்த அறிஞர் மூன்று தாமதங்களைக் கூறுவர். போகலாம் என்று முடிவு செய்வதில் தாமதம். போய்ச் சேருவதில் தாமதம். சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். சாலையைச் சீர்செய்தால் இரண்டாவது குறையும். ஆஸ்பத்திரியைச் சீர்செய்தால் மூன்றாவது குறையும். முதலாவதைத் தீர்க்க எந்தச் சர்க்காராலும் இயலாது. அது நமது கூடத்திலே நடப்பது. பிள்ளை பிறந்தபின் பெருக்கெடுக்கும் இரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு பெண்ணைக் கொன்றுவிடக் கூடியது. ராகு காலமோ ஒன்றரை மணி. கணக்கெழுதும் தொழிலில் உள்ள நமக்கு இந்தக் கழித்தல் மிக எளிதாகத் தோன்றுகிறது.

இந்த ராகுவின் யோக்கியதைதான் என்ன? மலாயாவில் ராகு காலம் எப்படிப் பிழைத்து வந்திருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம், ஏனெனில் இது நமக்கு மிகுந்த நகைச்சுவையைத் தந்த ஆராய்ச்சி. 1942இல் ஜப்பானியர் இந்நாட்டைப் பிடித்ததும் எல்லாக் கடிகாரங்களையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பினர். அதனால் மலாயாவின் நேரம் சரியாக ஒன்றரை மணி முன்னே சென்றது. ராகு காலத்தின் நீளமும் ஒன்றரை மணியே! அதாவது, முன்னாள் திங்கட்கிழமை ஏழரை மணிக்கு ராகு காலம் தொடங்கிய அதே வெயிலில், இப்பொழுது கடிகாரம் ஒன்பது காட்டியது. நாட்காட்டிப்படி ராகு காலம் முடிந்துவிட்டது. ராகு பகவானை ஒரே நாளில் ஒரு முழு ராகு காலம் தள்ளி வைத்த பெருமை ஜப்பானியப் படைக்கு உரியது. 1945இல் வெள்ளையர் திரும்பி வந்து ராகுவையும் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டனர். பின்னர் 1982ஆம் ஆண்டு பிறந்த நள்ளிரவில், சபா சரவாக்கோடு ஒத்திருக்கவேண்டித் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அன்றிரவு பதினொன்றரைக்கே பன்னிரண்டு அடித்தது. ராகுவும் மறுபேச்சின்றி அரை மணி நகர்ந்தார்.

ராகு காலம் சூரிய உதயத்திலிருந்து பகலை எட்டாகப் பகுத்துக் கணிப்பது, கடிகாரத்தைப் பற்றியதன்று என்று கற்றறிந்த சோதிடர் மறுப்பர். நூலின்படி அவர் சொல்வது சரி. அப்படியானால் சூரியன் ஏழு மணிவாக்கில் எழும் பேராவில், ஆறு மணி உதயத்தைக் கொண்டு அச்சிட்ட ஏழரை ஒன்பது, மூன்று நாலரை என்னும் கணக்கை வைத்துக்கொண்டு கர்ப்பிணியை வாசலில் நிறுத்தியவர்கள் எந்த ராகுவுக்கு அஞ்சினார்கள்? மேலே கூறிய பெண் மூன்று மணிக்குக் கிளம்பியிருந்தால், சோதிட நூற்படியே அவளைத் தடுக்க ராகுவுக்கு அதிகாரமில்லை. அந்நேரத்தில் அவர் இன்னும் வரவேயில்லை.

இக்காலத்தில் கமலவதியைக் கயிற்றால் கட்டுவாரில்லை. அதற்கு மாறாக வேறொரு வழக்கம் நகரத்துத் தமிழரிடையே புகுந்திருக்கிறது. சோதிடரிடம் நாளும் நட்சத்திரமும் குறித்துக்கொண்டு, அந்நேரத்துக்கு அறுவையால் குழந்தையை எடுத்துத் தருமாறு தனியார் மருத்துவமனையில் கேட்பது. சீன நண்பர்களிடமும் இவ்வழக்கம் உண்டு. அறுவை வேண்டும் என்று மருத்துவரே முடிவு செய்து, நாளைக்கா நாளன்றைக்கா என்பது மட்டும் கேள்வியாக இருந்தால், நட்சத்திரம் பார்ப்பவர் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு அதில் வழக்கில்லை. அறுவை வேண்டாத உடம்பை நேரத்துக்காக அறுப்பதும், 39 வாரம் நிரம்புமுன் நல்ல நாள் வந்துவிட்டது என்று குழந்தையை வெளியே இழுப்பதுமே நாம் கண்டிப்பவை. அவ்வாறு முந்தி எடுத்த குழந்தைகள் மூச்சுத் திணறலுக்கு அதிகம் ஆளாகின்றன என்பது பெருந்தொகையான பேறுகளை ஆராய்ந்து கண்ட முடிவு. முன்பு ஒரு நாழிகை பிந்தச் செய்தார்கள். இன்று இரண்டு வாரம் முந்தச் செய்கிறார்கள். இவ்வளவே முன்னேற்றம்.

நமது பழைய இலக்கியம் முழுவதும் கமலவதியின் கதைதான் என்று நாம் சொல்ல வரவில்லை. அதற்கு முற்பட்ட பாட்டுக்களில் கர்ப்பிணி வேறு வகையில் நடமாடுகிறாள். குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர்நிறைந்து மலையேறும் கார்மேகத்தை, நிறைமாதத்தில் புளிச்சுவையை நாடி நடக்கமாட்டாது தளரும் பெண்ணுக்கு உவமிக்கிறார். பாடியவர் பெண். அதில் சகுனமில்லை, நாழிகையில்லை. பாரம் இருக்கிறது, தளர்ச்சி இருக்கிறது, புளிப்பின்மேல் ஆசை இருக்கிறது. கண்ணாற் கண்டதைச் சொல்லிய பாட்டு அது. புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் சேரமன்னன் ஒருவனைப் புகழுங்கால், உன் மண்ணைப் பகைவர் உண்ணமாட்டார், வயாவுற்ற கர்ப்பிணிப் பெண்கள்தாம் உண்பர் என்கிறார். புகழ்ச்சி நயமானதுதான். ஆயினும் இன்று அதைப் படிக்கும் நமக்கு அம்மன்னனுடைய வீரத்தைவிட, மண்ணைத் தின்ற அப்பெண்களே நினைவில் நிற்கின்றனர். மண், சாம்பல், திருநீறு, பச்சரிசி, சாக்குக்கட்டி இவற்றின்மேல் கர்ப்பிணிக்கு அடங்கா ஆசை வருவது பெரும்பாலும் உடம்பில் இரும்புச்சத்துக் குறைந்ததன் அறிகுறி என்று மருத்துவர் கூறுவர். புலவர் புகழ்ச்சியாகக் கண்டது சோகையை.

இந்தச் சோகை நமது தோட்டங்களின் சரித்திரத்தோடு பின்னிக் கிடப்பது. கருவைக் கலைப்பதும் கர்ப்பிணியின் இரத்தத்தைக் குடிப்பதும் காட்டேரி என்று நம் பாட்டிமார் கூறி வந்தனர். அதற்கு விளக்கு வைத்தும் பலியிட்டும் வந்தனர். ஒரு வகையில் அவர்கள் சொன்னது மெய்யே. இரத்தம் குடிக்கும் காட்டேரி ஒன்று தோட்டத்தில் இருந்தது; அதன் நீளம் அரை அங்குலம். செருப்பின்றிப் பால்மரம் வெட்டச் சென்றவர்களின் பாதத்தோலைத் துளைத்து உள்ளே புகுந்து குடலைக் கவ்விக்கொள்ளும் கொக்கிப்புழு அது. மற்றொரு காட்டேரி கொசுவின் வாயில் வந்த மலேரியா. அது இரத்தத்தின் செவ்வணுக்களை உடைத்தது, கருவையும் குலைத்தது. 1897இல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1901 முதல் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பை வடித்துக் கொசுவை ஒழித்துக் காட்டினார். கக்கூசும் செருப்பும் வாய்க்காலும் வந்த இடத்திலிருந்து காட்டேரி தானே ஓடிப்போயிற்று. மந்திரவாதி ஓட்டிய காட்டேரிகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் திரும்பி வந்தன.

மூன்றாவது காட்டேரி பசி. 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்து, நெசவாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளின் கடுஞ்சோகையை ஆராய்ந்தார். நமது தமிழ் மண்ணில் குன்னூரில் இருந்த ஆராய்ச்சிசாலையிலும் அவர் வேலை செய்தார். கிருமி காரணமன்று, உணவிலே ஏதோ ஒன்று குறைகிறது என்று கண்டு, மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்து அப்பெண்களைத் தேற்றினார். 1931இல் அதை வெளியிட்டார். அவர் தேடிய பொருளைப் பத்தாண்டுக்குப் பின் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்னும் பொருள்பட போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். கருவுற்ற முதல் நான்கு வாரத்தில் குழந்தையின் முதுகுத்தண்டு மூடிக்கொள்ளும்போது அப்பொருள் போதாதிருந்தால் பெருங்குறை நேரக்கூடும்; முன்கூட்டியே உண்டால் அக்குறை பெரிதும் தடைப்படும் என்பது 1991இல் உறுதியாயிற்று.

கண்ணேறு பட்டுவிடும் என்று மூன்று மாதம் முடியும்வரை கருவுற்றதை யாரிடமும் சொல்லக்கூடாது என்னும் வழக்கத்தை இதோடு வைத்துப் பாருங்கள். அண்டை வீட்டாரிடம் சொல்லாமல் இருங்கள், தடையில்லை. கிளினிக்கிலுள்ள தாதியிடமும் சொல்லாமல் மறைப்பதனால் மாத்திரை வேண்டிய வாரங்கள் வீணாகக் கழிந்துவிடுகின்றன. பின்னர் இரும்பு மாத்திரை கிடைத்தாலும் குழந்தை கறுத்துவிடும் என்று அதைச் சாக்கடையில் போடுகின்றனர். மாத்திரையால் கறுப்பது மலம், குழந்தையன்று. குங்குமப்பூவைப் பாலிற் கரைத்துக் குடித்தால் சிவக்கும் என்பதும் அதே நோயின் மறுபக்கம். குழந்தையின் நிறம் தாய் தந்தையர் தந்தது. ஒரு சிட்டிகைக் குங்குமப்பூவின் காசுக்கு ஒரு வாரம் முட்டை வாங்கலாம்.

எல்லாவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பேறு கடினமாகும், ஆகையால் கடைசி மாதங்களில் அரைவயிறு உண் என்பது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இவ்வழக்கத்தை ஆராய்ச்சியாளர் கண்டு எழுதியிருக்கின்றனர். நமது தோட்டங்களுக்கும் இது கப்பலேறி வந்தது. கஞ்சி குடித்துப் பிரட்டுக்குப் போனவளிடமே குறைத்து உண் என்று சொன்னால் அவள் எங்கே போவாள்? இதற்கு எதிராக, கருவுற்றவள் இரண்டு இதயம் உடையவள், அவள் ஆசைப்பட்டதைக் கொடாவிட்டால் குழந்தை குறையோடு பிறக்கும் என்று சுசுருதர் சொன்னதாக உள்ள வடமொழிக் கருத்தும் மூடநம்பிக்கைதான். ஆனால் அது அவளுக்குச் சோறு போட்டது. இரண்டு மூடநம்பிக்கைகளுள் நாம் சுசுருதர் பக்கம்.

பப்பாளியைப் பற்றி ஒரு வார்த்தை. இது நம் முன்னோர் ஆயிரமாயிரம் ஆண்டாகக் கண்ட உண்மை என்பவர்கள், பப்பாளி அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியரோடு 16ஆம் நூற்றாண்டில்தான் கீழ்நாட்டுக்கு வந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். எனினும் இந்நம்பிக்கையில் ஒரு துண்டு உண்மை உள்ளது. 2002இல் சிங்கப்பூரில் எலிகளைக் கொண்டு செய்த சோதனையில், பழுத்த பப்பாளியால் தீங்கில்லை என்றும், காயிலுள்ள பால் கருப்பையைச் சுருங்கச் செய்கிறது என்றும் தெரிந்தது. ஆதலால் காயை விடுக, பழத்தை உண்க. ஈப்போவிலுள்ள கன்டனீசுக் குடும்பங்களில் கர்ப்பிணிக்கு ஆட்டிறைச்சி கொடுப்பதில்லை. அவர்கள் பேச்சில் காக்காய்வலிப்பின் பெயருக்குள் ஆட்டின் பெயர் ஒலிக்கிறதாம். நமக்குச் சிரிப்பு வருகிறது. கிரகணத்தில் வெளியே வந்தால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்று நாம் சொல்லுங்கால் அவர்களுக்கும் சிரிப்பு வரலாம். கிரகணத்தையும் பிளந்த உதட்டையும் முடிச்சிட்டவர் நாம் மட்டுமல்லர். கடலுக்கு அப்பால் மெக்சிகோவின் பழங்குடிகளும் அதையே நம்பி, கர்ப்பிணியின் வயிற்றில் கற்கத்தியைக் கட்டினர். ஒருவரை ஒருவர் அறியாத இரு நாட்டார் ஒரே பொய்யைச் சொன்னால் அது மெய்யாகிவிடாது. வானத்தில் ஒரு வட்டம் கடிபட்டதுபோலத் தோன்றுவதை இருவரும் ஒரே மாதிரிப் பார்த்தனர் என்பது மட்டும் தெரிகிறது. 2019 டிசம்பர் 26இல் இந்நாட்டில் சூரிய கிரகணம் தெரிந்தபோது, வயிற்றுப் பெண்கள் பகலெல்லாம் கதவை அடைத்துக்கொண்டு சிலர் நீரும் அருந்தாமல் கிடந்தனர். சூரியனுக்கு ஒன்றும் நேரவில்லை.

மீண்டும் கதைகளுக்கு வருவோம். அபிமன்யு தாய் வயிற்றில் இருந்தபடியே சக்கர வியூகத்துள் நுழையும் வகையைக் கேட்டான் என்பது மக்கள் வழக்கிலுள்ள கதை. கருவிலிருக்கும் குழந்தைக்குச் செவி கேட்கும் என்பது உண்மையே. பிறந்து மூன்று நாளாகாத சிசு, பிற பெண்களின் குரலைவிடத் தன் தாயின் குரலையே நாடுகிறது என்று 1980இல் டிகாஸ்பர் என்னும் அமெரிக்கர் சோதனையாற் காட்டினார். குரலை அறியும், வியூகம் அறியாது. அது நிற்க. அக்கதையில் நம்மைச் சுடுவது வேறு. வெளியேறும் வகையைச் சொல்லும்போது சுபத்திரை உறங்கிவிட்டாளாம். ஆதலால் மகன் போர்க்களத்தில் மாண்டானாம். பதின்மூன்றாம் நாட் போரில் ஒரு சிறுவனைச் சூழ்ந்துகொண்டு அறம் பிழைத்துக் கொன்ற மகாரதர்கள் இருக்க, பழி எங்கே போய் விழுகிறது? நிறைசூலி ஒருத்தியின் உறக்கத்தின்மேல்! கமலவதி நேரத்துக்காக உடம்பைக் கொடுத்தாள், புகழ் மகனுக்கு. சுபத்திரை உடம்பு கேட்ட உறக்கத்தைக் கொடுத்தாள், பழி தாய்க்கு. பெண் குழந்தை பிறந்தால் மருமகளைத் தூற்றும் மாமியார் இக்கதைகளின் மாணவியே. ஆணா பெண்ணா என்பதைத் தீர்ப்பது தந்தையின் விந்திலுள்ள அணு என்று 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் பெண் விஞ்ஞானி கண்டு சொன்ன பின்னும் நமது கூடங்களில் தீர்ப்பு மாறவில்லை.

வளைகாப்பை நாம் எதிர்ப்பதாக எண்ணவேண்டா. ஏழாம் மாதத்தில் ஒருத்தியை நடுவில் உட்காரவைத்துக் கை நிறைய வளையலும் வாய் நிறையச் சோறும் கொடுக்கும் விழா நல்ல விழா. அன்றேனும் அவள் அடுப்படியில் இல்லை. ஆனால் அப்பெண்ணை வளர்த்த விதவைச் சிற்றன்னையும், பிள்ளையில்லாத அக்காளும் அன்று கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்ப்பதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். அவர்கள் கை பட்டால் வளையல் உடைந்துவிடுமா?

1957இல் இந்நாடு விடுதலை பெற்றபோது லட்சம் பேறுகளுக்கு ஏறக்குறைய 280 தாய்மார் இறந்தனர். 2000ஆம் ஆண்டளவில் அத்தொகை முப்பதைச் சுற்றி வந்து நின்றது. இதை நாட்காட்டி செய்யவில்லை. கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் சைக்கிளில் சென்ற மருத்துவச்சிகள் செய்தனர். மலாய்க் கம்பத்துப் பிடான் பாட்டிமாரைப் பகைக்காமல், அவர்களையும் அருகில் வைத்துக்கொண்டு சுத்தமான கையையும் சுத்தமான கத்தியையும் கற்பித்த முறையினர் செய்தனர். 1991 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனித்தனியே ஆராய்ந்து எங்கே தவறு நேர்ந்தது என்று எழுதிவைக்கும் அதிகாரிகள் செய்தனர். கர்ப்பிணிக்குக் கிளினிக்கில் தரும் இளஞ்சிவப்பு நிறப் புத்தகத்தில் ஆபத்தின் அளவுக்கேற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் ஒட்டுவர். சிவப்பு ஒட்டிய புத்தகத்தைப் பூசையறையில் வைத்து விளக்கேற்றிய வீடும் உண்டு. புத்தகத்தை எடுத்துக்கொண்டு குறித்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போன வீடும் உண்டு.

தமிழ்நாட்டில் கர்ப்பத்தோடு இறந்தவளுக்காகச் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கம் இருந்தது. இறக்க முடியாமற்போன சுமையின் நினைவாக, வழிப்போக்கர் தம் தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு கல். மலாய்க்காரர் அவளைப் பொந்தியானாக் என்னும் பேயாக்கி வாழைமரத்தடியில் வைத்தனர். நமது தோட்டங்களில் நாம் அறியக் கல்லும் இல்லை. பழைய கித்தாத் தோட்டங்களின் இடுகாடுகள் பலவற்றின்மேல் செம்பனை வளர்ந்துவிட்டது. தோட்ட ஆபீசின் பின்னறையில் கரையான் அரித்த பழைய செக்ரோல் ஏடுகள் சில இருந்தன. அவற்றில் பெண்ணாள் பெயர்கள் சிலவற்றின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடும், பக்கத்தில் பிரசவத்தில் இறப்பு என்ற குறிப்பும் காணப்படும். தேதி எழுதியிருக்கிறது, நின்றுபோன சம்பளக் கணக்கும் காசு பிசகாமல் எழுதியிருக்கிறது. நாழிகை எழுதப்படவில்லை.